முதலெழுத்தும் முழுச்சொல்லும்

ஒரு பொருள் வீட்டில் இருந்தும், வேண்டிய பொழுது கைக்கு அகப்படாதாயின், அஃது இல்லாததற்கு ஒப்பாகும். அறிவுக்கும் இது பொருந்தும். ஏட்டிலும் நூலிலும் எழுதிவைக்கப்பெற்ற அறிவு எத்துணைப் பெரிதாயினும், தேடுவான் கையில் விரைந்து அகப்படும் வழி அதற்கு இல்லையேல், அது பூட்டிய பெட்டிக்குள் கிடக்கும் பொன்னேயாகும். ஆதலின், ஒரு மக்கட் கூட்டத்தின் கல்வி வரலாற்றை ஆராயப் புகுவோர், அவர்கள் எதனை எழுதினர் என்பதோடு, எழுதியதை எவ்வாறு தேடினர் என்பதையும் காணல் வேண்டும்.

இன்று கைத்தொலைபேசியின் கண்ணாடி முகத்தில் ஓர் எழுத்தை இட்டதும், அவ்வெழுத்தில் தொடங்கும் சொற்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. இரண்டாம் எழுத்தை இட, அவ்வரிசை சுருங்குகிறது. மூன்றாம் எழுத்தை இடுமுன் நாம் வேண்டிய சொல் கண்முன் தோன்றிவிடுகிறது. சிராங்கூன் சாலையிலே கடை தேடுவோரும், நூலகத்திலே நூல் தேடுவோரும், தோட்டத்து அலுவலகத்திலே ஆள் பெயர் தேடுவோரும் நாள்தோறும் இவ்வசதியைக் கையாளுகின்றனர். இது நேற்று முளைத்த புதுமை எனப் பலர் எண்ணுகின்றனர். தமிழர்க்கு இதன் வேர் நானூறு ஆண்டுகட்கு மேற்பட்டது. அதன் அண்மைக் கிளையைப் பேணி வளர்த்ததில் சிங்கப்பூருக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வரலாற்றையும், அதிலே இன்னும் தீராதிருக்கும் ஒரு குறையையும் எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏடும் மனமும்

பண்டைத் தமிழர் சொற்பொருள் காண்பதற்கு நிகண்டுகளைக் கையாண்டனர். திவாகரம், பிங்கலம், சூடாமணி என்பன அவற்றுள் பெயர் பெற்றவை. இவை சொற்களை எழுத்து முறையில் அடுக்கவில்லை. பொருள் முறையில் அடுக்கின. தேவப் பெயர் ஒரு தொகுதி, மக்கட் பெயர் ஒரு தொகுதி, விலங்கின் பெயர் ஒரு தொகுதி, மரப் பெயர் ஒரு தொகுதி என வகுத்து, அனைத்தையும் செய்யுளாக யாத்து வைத்தன. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியோ, பல பொருள் தரும் ஒரு சொற்களை எதுகை முறையில் நிறுத்துகிறது. எதுகையாவது இரண்டாம் எழுத்து ஒன்றி வருதல். அத்தொகுதியில் ஒரு சொல்லைக் காண விரும்புவோன் முதலெழுத்தை விட்டு இரண்டாம் எழுத்தைப் பற்றிக்கொண்டு செல்லல் வேண்டும்.

இம்முறையை இன்று நாம் எள்ளி நகையாடுதல் தகாது. பனையோலைச் சுவடி புரட்டித் தேடுவதற்கு ஏற்றதன்று. மனத்தில் நிறுத்துவதற்கோ செய்யுளும் எதுகையும் உற்ற துணையாவன. ஆசிரியன் முன் அமர்ந்து பாடம் கேட்டு, ஆண்டுக்கணக்கில் உருப்போட்டவனுக்கு நிகண்டு கைவந்த கருவியாயிற்று. ஆனால், அவ்வாறு அமரும் உரிமையும் ஓய்வும் எத்தனை பேருக்கு இருந்தன? ஏர் பிடித்தவனும், தறி நெய்தவனும், பெண்டிரும், தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்டவரும் அந்தத் திண்ணைக்கு வெளியேதான் பெரும்பாலும் நின்றனர். நிகண்டு மனப்பாடமானவனே சொல்லைக் காண்பான். ஏனையோர் அவனைக் கேட்டே அறிதல் வேண்டும். தேடும் வழி அருமையாயிருந்ததனால், கற்றவன் காவலனானான்.

அகரம் முதலாக

இந்நிலையில் ஒரு மாறுதல் தோன்றிற்று. 1594-ஆம் ஆண்டளவில் சிதம்பர இரேவண சித்தர் என்பார் அகராதி நிகண்டு என்னும் நூலை இயற்றினார். சொற்களை அவற்றின் முதலெழுத்தைக் கொண்டு அகரம் முதலாக அடுக்கியமையே அதன் சிறப்பு. முதலெழுத்தளவில் மட்டுமே அவ்வரிசை நின்றது. இரண்டாம் எழுத்து, மூன்றாம் எழுத்து என்று அது தொடர்ந்து செல்லவில்லை. ஆயினும் வழி திறந்துவிட்டது. ‘அகரம் ஆதியாக’ என்ற முறைப் பெயரே பிற்காலத்தில் அவ்வகை நூல்கள் அனைத்துக்கும் பெயராயிற்று.

1679-இல் மலையாள நாட்டு அம்பலக்காட்டிலே அந்தம் தெ புரோவென்சா என்னும் பாதிரியாரின் தமிழ் போர்த்துக்கீசிய அகராதி அச்சேறிற்று. 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியை இயற்றினார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக அஃது அமைந்தது. சொல்லைச் சொல்லின் எழுத்து வரிசையில் தேடிக் காணும் பழக்கம் அதனால் தமிழில் வேரூன்றிற்று. 1842-இல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 58,500 சொற்களைக் கொண்ட அகராதி வெளிவந்தது. 1862-இல் வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதி வந்தது. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி ஆறு பெருந் தொகுதிகளாக வெளியாயிற்று. நூறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதனுள் அடங்கின.

மேல்நாட்டாரோடு ஒப்பிட்டு நோக்குவார்க்கு இங்கே ஒரு செய்தி உவகை தரும். ஆங்கிலத்தின் முதல் தனிமொழி அகராதி எனப்படுவது இராபர்ட் காட்ரி என்பார் 1604-இல் இலண்டனில் வெளியிட்டது. இரேவண சித்தரின் நூலுக்கு அஃது ஏறத்தாழப் பத்தாண்டு பிந்தியது. அதன் முன்னுரையில் காட்ரி, படிப்போர் நெடுங்கணக்கைப் புத்தகம் பாராமலே அறிந்திருத்தல் வேண்டும் என்றும், சொல் முதலெழுத்தில் தொடங்கின் நூலின் தொடக்கத்தில் தேடுக, கடைப்பகுதி எழுத்தில் தொடங்கின் இறுதியை நோக்கித் தேடுக என்றும் சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொடுக்க நேர்ந்தது. எழுத்து முறையில் தேடுதல் அங்கும் அன்று புதுமையாகவே இருந்தது.

அகராதி வரிசை பொருளைக் கேளாது, குலத்தைக் கேளாது, குருவைக் கேளாது. முப்பது எழுத்தின் முறையை அறிந்தவன் எவனாயினும் அவன் தானே சென்று தானே காணலாம். தமிழ் நாட்டில் அச்சுப்பொறி செய்த புரட்சியைப் பற்றிப் பலரும் பேசுவர். அச்சிட்ட நூலைத் திறக்கும் திறவுகோலாக நின்றது இவ்வெழுத்து வரிசை என்பதை மறத்தல் கூடாது.

இயந்திரம் தேடும் முறை

நூறாயிரம் சொற்கள் அடங்கிய அகராதியிலே ஒரு சொல்லை எவ்வாறு காண்கிறோம்? நடுவில் திறக்கிறோம். வேண்டிய சொல் முன்னே உள்ளதா, பின்னே உள்ளதா என்று பார்க்கிறோம். ஒரு பாதியை விடுத்து மறுபாதியின் நடுவில் திறக்கிறோம். இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்துச் செல்லின், நூறாயிரம் சொற்களுள் எதனையும் 17 முறைக்குள் கண்டுவிடலாம். வரிசையில்லாத பட்டியலாயின் நூறாயிரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்க நேரும். வரிசை செய்யும் உதவி இது.

கணினியும் இவ்வழியையே பின்பற்றுகிறது. ஆயிரக்கணக்கான நூல்களையும் இதழ்களையும் தேடித் தரும் பொறி, தேடும் வேளையில் அந்நூல்களைப் படித்துக்கொண்டிருப்பதில்லை. முன்கூட்டியே ஒவ்வொரு நூலிலும் வரும் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, அச்சொல் எவ்வெவ்விடத்து வருகிறது என்று குறித்து, ஒரு பெருஞ் சொல்லடைவை ஆக்கி வைத்துக்கொள்கிறது. நூல்களின் இறுதியிலே புலவர்கள் சேர்க்கும் சொல்லடைவுக்கும் இதற்கும் வேறுபாடு அளவில்தான். 1999-இல் டக் கட்டிங் என்பார் ஆக்கித் தந்த லூசின் என்னும் தேடுபொறி இம்முறையிலேயே அமைந்தது; எவரும் எடுத்தாளலாம் என அவர் அதனைப் பொதுவாக விட்டமையால், உலகின் பல தேடுபொறிகள் அதன்மேல் எழுந்தன.

சொல்லடைவு எழுத்து வரிசையில் நிற்பதனால், முதலெழுத்துகளைக் கொண்டு தேடுதல் எளிதாகிறது. ‘சிங்’ என்று தொடங்கும் சொற்கள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தில் இருக்கும். முதற்சொல்லைக் கண்டுபிடித்து, அத்தொடக்கம் மாறும்வரை வாரிக்கொண்டு வந்தாற் போதும். இதனையே மரவடிவமாகவும் அமைப்பர். வேரினின்று முதலெழுத்துக்கு ஒரு கிளை, அதனின்று இரண்டாம் எழுத்துக்கு ஒரு கிளை எனப் பிரிந்து செல்லும் இவ்வமைப்பை 1959-இல் தெ லா பிரியாந்தே என்பார் விளக்கினார். 1960-இல் எட்வர்ட் பிரெட்கின் அதற்கு ‘ட்ரை’ என்று பெயரிட்டார். மொழிக்கு முதலில் இன்ன எழுத்துத்தான் வரும் என்று தொல்காப்பியர் வரையறுத்துச் சென்றதை நினைப்போர்க்கு, தமிழ் மரத்தின் அடிக்கிளைகள் எத்துணைச் சிலவாயிருக்கும் என்பது விளங்கும்.

இதிலே ஓர் இடர்ப்பாடும் உண்டு. ஓர் எழுத்தை மட்டும் கொடுத்தால், அதில் தொடங்கும் சொற்கள் பல்லாயிரம் இருக்கும். அவை அத்தனையும் வரும் இடங்களை ஒரு நொடியில் திரட்டுதல் இயந்திரத்துக்கும் சுமையே. ஆதலின் பொறி வல்லார் இரண்டு உபாயங்களைக் கையாளுவர். ஒன்று, இரண்டு மூன்று எழுத்துகள் வரும்வரை பொறுத்திருத்தல். மற்றொன்று, ஒவ்வொரு சொல்லின் தொடக்கத் துணுக்குகளையும் முன்கூட்டியே சொல்லடைவில் எழுதிவைத்தல். பின்னதிற்கு இடம் மிகுதியாக வேண்டும், காலமோ மிச்சமாகும். 2004-ஆம் ஆண்டின் இறுதியில் கூகுள் நிறுவனம், எழுத்தை இடஇடச் சொல்லை எடுத்துக் காட்டும் வசதியைச் சோதனையாக வெளியிட்டது. அதன் பின்னர் இவ்வழக்கம் உலகமெங்கும் பரவிற்று.

தட்டச்சு விட்டுச்சென்ற பழக்கம்

ஆங்கிலத்துக்கு இவையெல்லாம் எளிதில் அமைந்தன. தமிழுக்கு அவ்வாறு அமையவில்லை. காரணத்தை அறிதற்கு நாம் தட்டச்சுப் பொறியின் காலத்துக்குச் செல்லல் வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து, இளமையிலேயே மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் அலுவல் பார்த்த ஆர். முத்தையா என்பார் தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்த முன்னோடி. 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்கிய அவரது அறிவுத் திறம் போற்றத்தக்கது. தமிழ்த் தட்டச்சில் ‘கெ’ என்று அடிக்க விரும்புவோர் முதலிற் கொம்பை அடித்துப் பின்னர்க் ககரத்தை அடிப்பர். ‘கொ’ வேண்டின் கொம்பு, ககரம், கால் என்ற முறையில் அடிப்பர். கை எழுதும் முறை அதுவேயாதலின், தாளிலே அதனால் யாதொரு தீங்கும் இல்லை. படிப்பது மனிதக் கண். கொம்பையும் ககரத்தையும் காலையும் ஒன்றாகக் கூட்டி அது ‘கொ’ என்று கொள்ளும்.

கணினி வந்தபொழுது, 1980-களிலும் 1990-களிலும் எழுந்த தமிழ் எழுத்துருக்கள் பல இவ்வடிவ முறையையே பின்பற்றின. திரையிலே தமிழ் அழகாகத் தோன்றிற்று. ஆனால், இயந்திரத்தின் உள்ளே ‘கொடி’ என்னும் சொல் கொம்பிலே தொடங்கிற்று. ‘தெரு’வும் கொம்பு, ‘பெண்’ணும் கொம்பு, ‘மொழி’யும் கொம்பு. ககரத்தில் தொடங்கும் சொற்களைத் தேடினால் கொடி அகப்படாது. எகர ஒகரம் ஏறிய சொற்கள் அனைத்தும் தத்தம் குடும்பத்தை விட்டு நீங்கிக் கொம்பின்கீழ் ஒரே கும்பலாய்க் குவிந்தன. இரேவண சித்தர் காலத்துக்கு முன்னைய நிலைக்குத் தமிழ் திரும்பிவிட்டது எனலாம். இதற்கு மேலும் ஒரு கேடு: எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தாம் தாம் விரும்பியவாறு எண்களை வழங்கியதனால், ஒருவர் எழுதியது மற்றொருவர் கணினியிலே பொருளற்ற கிறுக்கலாய்த் தோன்றிற்று.

சிங்கப்பூர் செய்த பணி

இவ்விடத்தில் சிங்கப்பூர் முன்வந்தது. தமிழ் இந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஏனைய மூன்று மொழிகளும் ஏறும் மேடையில் தமிழும் ஏறியாகல் வேண்டும். இவ்வுரிமையை வாய்ச்சொல்லாக விடாது செயலாக்க முனைந்தவர் நா. கோவிந்தசாமி. அவர் சிறுகதை எழுத்தாளர். தேசியக் கல்விக் கழகத்திலே தமிழ் விரிவுரையாளர். பிறப்பினால் பொறியாளர் அல்லாத இத்தமிழாசிரியர், கணியன் என்னும் தமிழ்க் கணினி முறையை உருவாக்கினார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்து டான் டின் வீ முதலியோருடன் அவர் கூடி உழைத்ததன் பயனாக, நான்கு மொழிக் கவிதைகளையும் தாங்கிய இணையத் தளம் ஒன்று 1995-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அதிபர் ஓங் டெங் சியோங் அவர்களால் தொடங்கிவைக்கப்பெற்றது. சீனம், மலாய், ஆங்கிலம் ஆகியவற்றுக்குச் சமமாகத் தமிழும் அங்கே நின்றது.

1997-ஆம் ஆண்டு மே திங்களில் தமிழ்நெட் மாநாடு சிங்கப்பூரிலே கூடிற்று. தமிழ்நாடு, ஈழம், மலேசியா, மேல்நாடுகள் ஆகிய பல இடங்களிலும் தனித்தனியே உழைத்தவர்கள் ஒருவரையொருவர் கண்டு, பொதுவான குறியீட்டின் தேவையை உணர்ந்தனர். 1999-ஆம் ஆண்டு பெப்ரவரியிலே சென்னையில் நடந்த இரண்டாம் மாநாடு ‘தமிழ்99’ என்னும் விசைப்பலகையைத் தெரிவு செய்தது. அவ்வாண்டிலேயே கோவிந்தசாமி மறைந்தார். 2000-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மீண்டும் சிங்கப்பூரிற் கூடிய மாநாட்டில் ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றிற்று.

இதற்கிடையே, உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே குறியீடு என்னும் நோக்கத்துடன் 1991-இல் யூனிகோடு என்னும் ஒருங்குறி எழுந்தது. இந்திய அரசின் குறியீட்டு முறையைப் பின்பற்றி அதிலே தமிழுக்கு ஓர் இடம் ஒதுக்கப்பெற்றது. அதன்படி ‘கொ’ என்பதைக் கொம்பை முன்வைத்து எழுதாமல், முதலிற் ககரம், பின்னர் ஒகரக் குறி என்றே இயந்திரம் உள்ளே வைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தோன்றும் வடிவம் எழுத்துருவின் வேலை; உள்ளே நிற்பது ஒலியின் முறை. இதனால் கொடி மீண்டும் ககரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. முதலெழுத்தைக் கொண்டு தேடுதல் தமிழிலும் இயல்வதாயிற்று.

சீர்திருத்த அன்பர்கட்கு இங்கே மற்றொரு செய்தியும் உண்டு. பெரியார் ஈ. வெ. இராமசாமி 1935-ஆம் ஆண்டு முதல் தம் குடிஅரசு இதழிலே ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளைச் சீர்திருத்திய வடிவில் அச்சிட்டார். 1978-இல் தமிழ்நாட்டு அரசு அதனை ஏற்றது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அதுவே வழக்காயிற்று. ஒருங்குறியிலோ பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் குறியீடு ஒன்றே. பழைய வடிவில் காட்டும் எழுத்துருவாயினும் புதிய வடிவில் காட்டும் எழுத்துருவாயினும், தேடுவோர்க்கு இரண்டும் ஒன்றாகவே அகப்படும். எழுத்தின் உருவம் மாறத்தக்கது, ஒலியே நிலைத்தது என்று சீர்திருத்தக்காரர் சொல்லியதை இயந்திரமும் ஒப்புக்கொண்டதாயிற்று.

புள்ளியால் வந்த பூசல்

ஆயினும் குறை முற்றும் தீர்ந்ததன்று. தமிழிலக்கணத்தில் மெய்யே அடிப்படை. அதன்மேல் உயிர் ஏறி உயிர்மெய் ஆகிறது. ‘க்’ என்பதனோடு அகரம் சேரக் ‘க’ ஆகும். ஒருங்குறியோ இதனைத் தலைகீழாகக் கொண்டது. அதற்குக் ‘க’வே அடிப்படை, ‘க்’ வேண்டின் ககரத்தை அடுத்துப் புள்ளி என்ற தனிக்குறியைச் சேர்க்கவேண்டும். ‘தமிழ்’ என்பது நம் குழந்தைக்கு மூன்றெழுத்து. இயந்திரத்துக்கு அது ஐந்து குறிகள்: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி.

இதன் விளைவைச் சிறிது எண்ணிப் பாருங்கள். ஒருவர் ‘தமிழ்’ என்று முழுமையாக இட்டுத் தேடுகிறார். இயந்திரம் அவ்வைந்து குறிகளில் தொடங்கும் சொற்களை மட்டுமே கொண்டுவரும். தமிழ்நாடு வரும், தமிழ்ப்பள்ளி வரும். தமிழர் வாரார்! தமிழன், தமிழில், தமிழை, தமிழால் ஒன்றும் வாரா. ஏனெனில் அச்சொற்களிலே ழகரத்தின்மேல் புள்ளி இல்லை. தமிழைத் தேடினால் தமிழர் அகப்படமாட்டார் என்னும் விந்தை இது. சிங்கப்பூர் என்று தேடுவோர்க்குச் சிங்கப்பூரில், சிங்கப்பூரர் என்பன தோன்றாமையும் இதனாலேயே. ‘கல்’ முதலிய சொற்கள் தப்பின. தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வருங்கால் இரட்டித்துக் கல்லை, கல்லில் என நிற்பதனால் புள்ளி அங்கே அழியாதிருக்கிறது.

எழுத்தை இடஇடத் தேடும் வசதியிலே இக்குறை இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ஆங்கில எழுத்தொலியைக் கொண்டு தமிழை இடும் விசைப்பலகையில், தமிழ் என்று இட முயல்வோர்க்கு முதலில் ‘த்’ தோன்றும். தமிழில் எச்சொல்லும் ‘த்’ என்று தொடங்காமையால் பட்டியல் வெறுமையாகும். அடுத்துத் ‘த’ ஆகும்; சொற்கள் வந்து குவியும். அடுத்துத் ‘தம்’ ஆகும். தம்பி வருவான், தமிழ் மறையும். பின்னர்த் ‘தமி’ ஆகும். தமிழ் மீண்டும் வரும். இவ்வாறு பட்டியல் காற்றில் அலையும் விளக்குப்போல் தோன்றித் தோன்றி மறையும். தமிழ்99 விசைப்பலகையில் மெய்விசை முதலிற் ககரம் தகரம் என உயிர்மெய்யாகவே விழுவதால் இத்தொல்லை பெரிதும் இல்லை. பிள்ளைகள் பலரும் ஆங்கில எழுத்தொலி முறையையே நாடுவதால், தொல்லை அவர்களுக்கே மிகுதி.

இதற்கு மருந்து அரியதன்று. தேடுவோர் இட்டதன் இறுதியிலே புள்ளி நிற்குமாயின், அப்புள்ளியை நீக்கிவிட்டுத் தேடுமாறு பொறிக்குக் கற்பித்தல் வேண்டும். அப்பொழுது ‘தமிழ்’ என்பது தமிழ்நாட்டையும் தரும், தமிழரையும் தரும். ‘கல்’ என்று தேடுவோர்க்குக் கலை, கலகம் என வேண்டாதனவும் வரக்கூடும். புள்ளியோடு பொருந்துவனவற்றை முன்னும் ஏனையவற்றைப் பின்னும் நிறுத்தின் அக்குறையும் தீரும். தமிழில் வேற்றுமை உருபும் பன்மை விகுதியும் சொல்லின் கடைசியிலேயே சேர்வன. ஆகவே முதலெழுத்துகளைக் கொண்டு தேடும் முறை நம் மொழியின் இயல்புக்கு மிகவும் இசைந்தது. மரம் மரத்தில் எனவும், நாடு நாட்டில் எனவும் திரியும் இடங்களுக்கு மட்டும் இலக்கண விதியைத் தனியே ஊட்டல் வேண்டும். நன்னூல் கற்ற மாணவன் எவனும் அவ்விதிகளை எழுதித் தரவல்லான்.

வரிசையிலும் ஒரு கோணல் உண்டு. ஒருங்குறி எண்களில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. வடமொழி நெடுங்கணக்கு முறையை ஒட்டி அமைந்தது அது. தொல்காப்பியர் காலந்தொட்டு னகரமே நம் இறுதி எழுத்து. எண் முறையில் மட்டும் வரிசைப்படுத்தும் பொறி, தமிழ் அகராதி முறையைக் கெடுக்கும். தமிழ் வரிசை விதியைத் தனியே கற்பித்த பொறிகள் இதனைச் சரியாகச் செய்கின்றன. கற்பிப்பார் இல்லாத இடத்திலே கோணல் நிற்கிறது.

முதலெழுத்து மாறினால்

முதலெழுத்தைப் பற்றித் தேடும் முறைக்கு இயல்பாகவே ஒரு பலவீனம் உண்டு. சொல்லின் கடைசியில் பிழை நேரினும் வழி தப்பாது. முதலிலே மாறினால் வழி முற்றும் அடைபடும். இரப்பர் என்று ஒருவர் எழுதுவர். ரப்பர் என்று மற்றொருவர் எழுதுவர். இலண்டன், லண்டன், சனவரி, ஜனவரி, சிராங்கூன், செராங்கூன் என இவ்வாறு நம் எழுத்து வழக்கு இருபட நிற்கிறது. அகர வரிசையைத் தொடங்கிவைத்த இரேவண சித்தரையே ரேவண சித்தர் என்று தேடுவோர்க்கு அவர் அகப்படார். எவ்வடிவம் சரி என்று புலவர்கள் வழக்காடட்டும். நூலகமும் தேடுபொறியும் இரண்டு வடிவத்தையும் ஒன்றோடொன்று இணைத்துக் குறித்து வைத்தலே முறை. தூய்மை காப்பதற்காகத் தேடி வந்தவனை வாயிலிலே நிறுத்துதல் தமிழ்ப்பணி ஆகாது.

பெயர்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. தோட்டத்துச் செக்ரோல் புத்தகங்களிலே எம்போன்ற கிராணிமார் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் பெயரை ஆங்கிலத்தில் எழுதிவந்தனர். கேட்டவர் காதுக்குத் தக்கபடி எழுத்துக்கூட்டல் மாறும். ஒரே முருகையா, ‘எம்’மை அடுத்து ‘யு’ வரும் ஒரு புத்தகத்திலும், இரட்டை ‘ஓ’ வரும் மற்றொரு புத்தகத்திலும் இருவேறு ஆளாக நிற்பார். அவர் பேரன் இன்று கணினியின் முன் அமர்ந்து, தான் அறிந்த எழுத்துக்கூட்டலில் முதல் மூன்றெழுத்தை இட்டால், பாட்டன் அகப்படாமற் போதல் கூடும். வியர்வை சிந்திக் காட்டை நாடாக்கியவர்களின் பெயர், இரண்டு எழுத்தின் வேறுபாட்டால் மறைந்துவிடலாமா? பழம் பதிவுகளை இயந்திரத்தில் ஏற்றுவோர், தமிழ் எழுத்திலும் அப்பெயரைச் சேர்த்துப் பதிவாராயின், சிதறியவை பலவும் ஓரிடத்தில் கூடும்.

செய்யத்தக்கன

இவையெல்லாம் அறிஞர்க்கே உரிய நுணுக்கங்கள், பொதுமக்கட்கு இவற்றால் ஆவதென்ன எனச் சிலர் கேட்கலாம். சிங்கப்பூர் மக்கட்கணக்கை நோக்குக. இந்நாட்டு இந்தியருள் வீட்டிலே தமிழை மிகுதியாகப் பேசுவோர் 2010-இல் நூற்றுக்கு 36.7 பேர், 2020-இல் 29.2 பேர். இதற்குக் காரணங்கள் பல. தேடுபொறியே காரணம் என்று எவரும் சொல்லார். ஆனால், தமிழில் ஆர்வத்தோடு இரண்டு எழுத்தை இட்ட பிள்ளைக்கு வெறும் திரை விடையாக வருமாயின், அடுத்த நொடியில் அது ஆங்கிலத்துக்குத் திரும்பும். ஆங்கிலத்திலே பாதிச் சொல் அறிந்தவனுக்கும் வழி திறந்திருக்கிறது. தமிழிலே முழுச் சொல் அறிந்தவனுக்கும் கதவு சாத்தியிருக்கிறது. 2015-இல் தேசிய நூலக வாரியத்தின் துணையோடு, சிங்கப்பூரின் ஐம்பதாண்டுத் தமிழ் இலக்கியம் மின்வடிவில் தொகுக்கப்பெற்றது. அரும்பணி அது. தொகுத்ததைத் தேடும் வழியும் செம்மையுற்றால்தான் அதன் முழுப்பயன் மக்களைச் சேரும்.

மற்றொரு விழிப்பும் நமக்கு வேண்டும். இயந்திரம் எடுத்துக் காட்டும் சொல்வரிசையில் எது முதலில் நிற்கும்? பெரும்பாலும், பலர் கேட்டதே முதலில் நிற்கும். ‘ரா’ என்று தொடங்குவோர்க்கு ராசிபலன் முன்னும் ராக்கெட் பின்னும் நிற்குமாயின், குற்றம் இயந்திரத்தின்மேல் மட்டும் இல்லை. நாம் கேட்டவையே நமக்குத் திரும்பி வருகின்றன. நம் மக்கள் அறிவு நூல்களையும் வரலாற்றையும் தமிழிலே கேட்கக் கேட்க, அவை வரிசையில் மேலேறும். பட்டியல் நீட்டுவதை அப்படியே கொள்ளாமல், தான் நினைத்த சொல்லைத் தானே முடிக்கும் பழக்கத்தைப் பிள்ளைகட்கு ஊட்டுதலும் ஆசிரியர் கடன்.

கணினி கற்ற நம் இளைஞர் புள்ளியின் இயல்பைப் பொறிகட்குக் கற்பிக்கட்டும். நூலகத்தார் மாறுபட்ட வடிவங்களை இணைத்து வைக்கட்டும். பெற்றோர் பிள்ளைகளைத் தமிழிலே தேடச் செய்யட்டும். திண்ணைக்கு வெளியே நின்றவனை நானூறு ஆண்டுகட்கு முன் அகர வரிசை உள்ளே அழைத்தது. சிங்கப்பூரிலே ஒரு தமிழாசிரியர் அவ்வழியை இணையம்வரை நீட்டினார். ஒரு சிறு புள்ளி அவ்வழியை மறித்து நிற்க விடுதல் நமக்குத் தகுமோ?